விழித்திருக்கும் வயது

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைத் தொடரில், ஆலங்காயத்தைத் தாண்டிப் போனால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே அமைந்திருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு மார்கழி, தை இரவுகளில் சுமார் பத்து மணி நேரம் முழு இருட்டு கிடைக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைக்கும் மேகம் கூடுகிற இடம் இது. தெளிந்த இரவு ஒன்று வாய்த்தால் அதில் அரை மணியைக்கூட வீணடிக்க யாருக்கும் மனம் வராது. அந்தப் பத்து மணி நேரமும் தொலைநோக்கியோடு விழித்திருந்து, ஒரு மெல்லிய ஒளிப்புள்ளி விலகுகிறதா, மங்குகிறதா, மேகம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்கு எந்த வயது பொருத்தம்? இளவட்டங்களுக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஐம்பதைத் தாண்டியவரிடம் ‘இனி ராத்திரி வேலையெல்லாம் எதற்கு’ என்று அக்கறையாகவும் கேட்போம். ரயில் ஓட்டுநர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஸ்கேன் படம் பார்க்கும் மருத்துவர் என்று கண்காணிப்பையே பிழைப்பாகக் கொண்ட எல்லோரைப் பற்றியும் நமக்கு இதே எண்ணம்தான். இந்த எண்ணத்தில் பாதி சரி. தவறான மற்ற பாதியை வைத்துத்தான் பெரும்பாலும் விதிமுறை எழுதுகிறோம் என்பது என் வாதம்.

முதலில் அந்த வேலை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் சிறிய தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய காவலூருக்கு, 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. மின்னணுப் படக்கருவிகள் வராத காலம். மங்கலான பொருளைப் படமெடுக்க வேண்டுமானால் அதன் ஒளி கண்ணாடித் தகட்டில் மணிக்கணக்கில் விழ வேண்டும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் தொலைநோக்கி திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திருப்பத்தில் நேரும் சிறு பிசகை, வழிகாட்டி நட்சத்திரம் ஒன்றைக் குறுக்கு இழைகளின் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, கையால் திருத்த வேண்டும். உலகம் முழுவதும் வானியல் படமெடுப்பு அன்று இப்படித்தான் நடந்தது. கவனம் சிதறினால் நட்சத்திரம் தகட்டில் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். அந்த இரவே போயிற்று. அதே 1972 ஜூனில் வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டிய அளவீடுகளில் காவலூருடையதும் ஒன்று. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, எதிர்பாராத நேரத்தில் ஒளி சில விநாடிகள் மங்கியதைக் காவலூரும் பதிவுசெய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது தெரியவந்தது அந்த இரவில்தான். ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவுக்கு 1972 ஜூனில் வயது 44. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காவலூரின் மூதாதை, நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகம். 1861இல் அதன் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், 1891இல் 62 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அன்று சிறுகோள் தேடுவது முழுக்க முழுக்கக் கண்ணின் வேலை. நட்சத்திர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தின் அதே துண்டைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். போக்சன் தன் முதல் சிறுகோளை 1856இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டபோது வயது 27. கடைசிச் சிறுகோளான வேராவை 1885இல் சென்னையில் கண்டபோது 55. இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோளைக் காண நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டறிந்த அதற்கு ராமானுஜன் என்று பெயர். போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதே ஆய்வகத்தில் பார்வையாளராக இருந்தார். தனிமனிதர் ஒருவரின் வாழ்க்கை எதையும் நிரூபித்துவிடாதுதான். அதிக ஆண்டுகள் பார்த்தவருக்கு அதிகம் தென்பட்டிருக்கும் என்று யாரும் சொல்லலாம். ஆனாலும் மின்னணுக் கருவிகள் இல்லாத காலத்தில், 55 வயதுக் கண் ஒன்று ஆயிரம் புள்ளிகளுக்கிடையே ஒரு புதுப் புள்ளியைப் பிடித்திருக்கிறது என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒருவரின் கவனம் இன்னொருவருடையதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று எண்ணில் எழுதிய முதல் ஆட்களும் வானியலாளர்கள்தான். 1796இல் கிரீனிச் ஆய்வகத் தலைவர் நெவில் மாஸ்கெலின், தன் உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். நட்சத்திரம் இழையைக் கடக்கும் நேரத்தை மாஸ்கெலினைவிட 0.8 விநாடி தாமதமாகக் குறித்தார் என்பதே குற்றம். உதவியாளருக்கு இருபதுகளின் தொடக்கம், தலைவருக்கு 63. இளைஞரின் கண்தான் தாமதம் என்று பதிவாயிற்று. உண்மையில் யார் சரி என்று சொல்ல அன்று மூன்றாவது கடிகாரம் கிடையாது. பின்னால் ஜெர்மனியில் பெஸல் இந்தக் கதையைப் படித்துவிட்டு மற்ற வானியலாளர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தேர்ந்தவர்களுக்கிடையேகூட ஒரு விநாடிக்கும் மேலான வித்தியாசம் நிலையாக இருப்பது தெரிந்தது. மேலதிகாரியின் கண் அளவுகோலாக இருந்தால் உதவியாளரின் கண் பிழையாகும் என்பதைத் தவிர, கிரீனிச் சம்பவத்தில் வயதைப் பற்றிப் பாடம் எதுவும் இல்லை. இன்று நாற்காலி மாறியிருக்கிறது: முப்பது வயதுக்காரரின் வேகம் அளவுகோல், அறுபது வயதுக்காரரின் நிதானம் பிழை.

கவனம் எப்படித் தேய்கிறது என்பதை ஒழுங்காக அளந்தவர் நார்மன் மாக்வர்த். இரண்டாம் உலகப் போரில், கடலுக்கு மேல் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்களின் ராடார் பணியாளர்கள், நேரம் ஆக ஆக, திரையில் தெரிந்த சைகைகளையே தவறவிட்டார்கள். மாக்வர்த் அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார். எண்கள் இல்லாத ஒரு கடிகாரம். முள் விநாடிக்கு ஒரு தட்டு நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டு தட்டு தாவும். தாவலைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. 1948இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிப்பு விகிதம் கணிசமாக விழுந்துவிட்டது. அந்தச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் யார் என்பது இங்கே முக்கியம். கண் பரிசோதனையில் தேறிய, திடமான, இளம் படைவீரர்கள். கவனச் சரிவு என்று நாம் இன்று பேசுவது இளைஞர்களிடம் கண்டறியப்பட்ட ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றி ஓய்வு கொடுத்தபோது சரிவு நின்றது. சரியாகச் செய்தாயா, தவறவிட்டாயா என்று உடனுக்குடன் சொன்னபோதும் முன்னேற்றம் தெரிந்தது. மாக்வர்த் மாற்றிப் பார்த்தது வேலை நேரத்தையும் தகவலையும்தான். அதிலேயே பலன் கிடைத்துவிட்டது.

அப்படியானால் வயது எதைத்தான் எடுத்துக்கொள்கிறது? கண்ணை எடுத்துக்கொள்கிறது, இதில் தயக்கமே வேண்டாம். இருட்டில் விரியும் கண்மணி வயதோடு சுருங்கி வருகிறது; விழியாடி மஞ்சளாகிறது. இரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போகிறது என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. மங்கலொளியைப் பார்க்கும் கோல் செல்கள் குறைகின்றன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகக் கூடுதல் நேரமாகிறது. நாற்பதைத் தாண்டியதும் சிவப்பு விளக்கின் மங்கலில் சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது. அடுத்ததாக, வேகம் போகிறது. மூன்றாவது, தூக்கம். இதைத் தனியாகப் பிறகு பார்க்கலாம். கண் குறைந்தும் வேலை குறையாத ஓர் ஆளைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்து, வீட்டுத் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, நேற்று இல்லாத புள்ளியைத் தேடினார். நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைப் படக்கருவி இல்லாமல், தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தே கண்டறிந்தவர். 2005இல் என்ஜிசி 1559 மண்டலத்தில் ஒன்றைக் கண்டபோது அவருக்கு 68 வயது. ஒளி குறைவாக வந்த அந்தக் கண்ணுக்கு, எங்கே என்ன இருக்க வேண்டும் என்ற நினைவு துணைக்கு இருந்தது.

இனி கவனம். பத்தாயிரம் பேருக்கும் மேல் பங்கேற்ற ஓர் இணையவழி ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. காட்சிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் பொத்தானை அழுத்த வேண்டும், அரிதாக வரும் ஒருவகைக் காட்சிக்கு மட்டும் அழுத்தாமல் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். சரியாகப் பிரித்தறியும் திறன் உச்சத்துக்கு வந்தது இருபதில் அல்ல, 43 வயது வாக்கில்; 1972இல் வைணு பாப்பு இருந்த வயதுக்குப் பக்கத்தில். அதன் பிறகு சரிவு உண்டு, ஆனால் மெல்லிய சரிவு. வயதானவர்கள் வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையைக் கூட்டுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. இதே வகைச் சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2021இல் வந்த ஆய்வும் முதியவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள், ஆனால் கூடுதல் துல்லியத்தோடு செய்கிறார்கள் என்றே முடிவு சொல்கிறது. வேலைக்கு நடுவே மனம் வேறெங்கோ அலைகிறதா என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகளிலும், அலைவதாக அதிகம் சொன்னவர்கள் இளைஞர்கள். பொறுமை வயதோடு வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இவ்வளவு ஆதாரம் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். அந்த இணையச் சோதனை நான்கு நிமிடம். காவலூர் இரவு பத்து மணி நேரம். நான்கு நிமிடத்தில் தேறியவர் விடிகாலை நான்கு மணிக்கும் தேறுவாரா? இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு 2009இல் அமெரிக்காவில் வந்தது. ஆரோக்கியமான இளைஞர்களையும் 65 வயதைத் தாண்டியவர்களையும் 26 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, இடையிடையே கவனத்தைச் சோதித்தார்கள். விடிகாலையில் அதிகம் தள்ளாடியவர்கள் இளைஞர்கள். ஆகவே ஒற்றை இரவை வைத்து முதியவரைக் கழிக்க முடியாது. ஆனால் அடுத்தடுத்த இரவுகள் வேறு கணக்கு. வயது ஏற ஏற உடலின் கடிகாரம் முன்னுக்கு நகர்ந்து, நேரத்தோடு தூங்கி நேரத்தோடு எழும் வழக்கத்துக்கு வருகிறது. பகலில் தூங்கு என்றால் தூக்கம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் பாதியில் கலைந்துவிடுகிறது. முதல் இரவில் தாக்குப்பிடிப்பவர் மூன்றாவது இரவுக்குக் கடனோடு வருகிறார். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்த தொழிலக விபத்துக் கணக்குகளிலேயே, முதல் இரவுப் பணியோடு ஒப்பிட்டால் விபத்து அபாயம் இரண்டாம் இரவில் 6 சதவீதம், மூன்றாம் இரவில் 17 சதவீதம், நான்காம் இரவில் 36 சதவீதம் கூடுகிறது. பகல் தூக்கம் பிடிக்காத வயதில் இந்தப் படிக்கட்டு இன்னும் செங்குத்தாகத்தானே இருக்கும்? ‘ஐம்பதுக்கு மேல் ராத்திரி வேலை எதற்கு’ என்பதில் சரியான பாதி இதுதான்.

தொழில் அனுபவம் எவ்வளவு ஈடுகட்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று தட்டச்சு மேசையிலிருந்து வருகிறது. 1984இல் டிமத்தி சால்ட்ஹவுஸ், 19 முதல் 72 வயது வரையான தட்டச்சர்களைச் சோதித்தார். வயதானவர்களின் விரல் அசைவு மெதுவாகியிருந்தது. தட்டும் மொத்த வேகம் மட்டும் குறையவில்லை. தட்டிக்கொண்டிருக்கும் எழுத்தைவிட நெடுந்தூரம் முன்னால் கண்ணை ஓட்டி, விரலுக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் விமானங்களைப் பிரித்து அனுப்பும் கட்டுப்பாட்டாளர்களிடமும் இதைக் காணலாம். அமெரிக்காவில் அவர்கள் 56 வயதில் கட்டாயமாக வெளியேற வேண்டும். கனடாவில் அதற்கு மேலும் வேலை பார்க்கலாம். கனடாவின் மூத்த கட்டுப்பாட்டாளர்களைச் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், பொதுவான மனத்திறன் தேர்வுகளில் அவர்கள் தங்கள் வயதுக்குரிய சரிவைக் காட்டினார்கள். கட்டுப்பாட்டுப் பணியைப் போலவே அமைத்த சிக்கலான பயிற்சியில் இளையவர்களுக்குச் சமமாக நின்றார்கள். எல்லையின் தெற்குப் பக்கத்தில் பிறந்திருந்தால் அவர்களில் பலர் வீட்டில் இருந்திருப்பார்கள்.

தாக்குப்பிடித்தவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறாய், முடியாதவர்கள் முன்பே போயிருப்பார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் ஓய்வு வயது விதி யார் மேல் பாய்கிறது? முப்பது ஆண்டு தாக்குப்பிடித்து அந்த நாற்காலியில் இருப்பவர் மேல்தான். தெருவில் போகிற சராசரி அறுபது வயதுக்காரரைக் கூட்டிவந்து தொலைநோக்கியிடம் யாரும் உட்கார வைக்கப்போவதில்லை. அதோடு, ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது: 40 முதல் 69 வயது வரையான 118 விமானிகளை மூன்று ஆண்டுகள் பறத்தல் பாவனைக் கருவியில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மூத்தவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். காலப்போக்கில் அவர்களுடைய சரிவு குறைவாகவே இருந்தது, குறிப்பாக எதிரே வரும் விமானத்தைத் தவிர்ப்பதில். இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. அனுபவம் குறுகலானது, கருவியை மாற்றினால் அது உதிர்ந்துவிடும். உண்மைதான், காவலூரே அதற்கு உதாரணம். தகடு போய் மின்னணுப் படக்கருவி வந்தது. கையால் திருத்திய வழிகாட்டலைக் கணினி எடுத்துக்கொண்டது. 1986இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கியை இயக்குவோர் இன்று திரைக்கு முன்னால் உட்கார்கிறார்கள். காவலூரை நடத்தும் அதே நிறுவனத்தின் லடாக் ஹான்லே தொலைநோக்கி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை இயக்குபவர் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் இருக்கிறார். பழைய கைத்திறனில் பெரும்பகுதி இப்படிப் பயனில்லாமல் போய்விட்டது. மூத்தவருக்குப் புதுக் கருவியில் பயிற்சி கூடுதல் காலம் எடுக்கும்; அந்தச் செலவை ஏற்காத நிறுவனம் அவரைக் குறைசொல்ல முடியாது.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கண்ணின் சுமையைக் கருவி வாங்கிக்கொண்டதால், வயது எதை நிச்சயமாக எடுத்துக்கொள்கிறதோ அது வேலைக்குத் தேவைப்படாமல் ஆகிவிட்டது. மிஞ்சியிருப்பது திரையைப் பார்த்துக்கொண்டு எதுவும் நடக்காமல் காத்திருக்கும் வேலை: எப்போதாவது வழிகாட்டல் தவறும், எப்போதாவது ஈரப்பதம் ஏறும், மழை வருவதற்குள் குவிமாடத்தை மூட வேண்டும். மாக்வர்த்தின் கடிகாரம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதன் முன்னால் இருபத்தைந்து வயதும் அரை மணியில் சாயும். அலைபேசி பக்கத்தில் இருந்தால் அதற்கும் முன்பே.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58லிருந்து 59 ஆகி, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. கொரோனாக் கால நிதி நெருக்கடியில் ஓய்வுக்காலப் பலன்களைத் தள்ளிப்போடும் ஏற்பாடு என்றே அப்போது பலரும் பேசினார்கள். இளைஞர்களுக்கு இடம் அடைபடுகிறது என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் பேச வேண்டிய விஷயங்களே. ஆனால் மேசையில் கோப்பு பார்ப்பவருக்கும் இரவெல்லாம் திரை பார்ப்பவருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் காதில் விழவே இல்லை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலையில் சூதாட முடியாது, கோடு எங்காவது போட்டாக வேண்டும் என்பார்கள். போடலாம். வயது கூடக் கூட ஆளுக்கு ஆள் வித்தியாசமும் கூடுகிறது. அதனால் நாட்காட்டியில் போடும் கோடு திறமையானவர் சிலரை வெளியே தள்ளி, தடுமாறும் ஐம்பது வயதுக்காரரை உள்ளேயே விட்டுவிடும். அந்தந்த வேலையைப் போலவே அமைத்த பயிற்சியில் எல்லா வயதினரையும் அவ்வப்போது சோதிப்பது செலவு பிடித்த வழி, ஆனால் கேள்விக்குப் பதில் தருகிற வழி.

ஜவ்வாது மலைக்குக் கீழே, அதே திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் ஜோலார்பேட்டை சந்திப்பு. அந்த வழியே இரவும் பகலும் ரயிலோட்டிப் போகிறவர்களுக்கு 45 வயதுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 55க்குப் பிறகு ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை உண்டு. கண், நிறப்பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கப்படும். வயது உண்மையிலேயே தொடுகிற இடங்கள் இவை. ரயில்வே இதில் சரியாகத்தான் செய்கிறது. ஓட்டுநர் ஒரு நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் எச்சரித்து, பதில் வராவிட்டால் பிரேக் போடும் கருவியும் என்ஜினில் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து எத்தனை இரவு அனுப்பலாம் என்பதை முடிவுசெய்வது மருத்துவர் அல்ல, பணிப்பட்டியல். 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் போராட்டத்தில் இறங்கினார்கள். வாரத்துக்கு 46 மணி நேர ஓய்வு வேண்டும், தொடர்ச்சியாக நான்கு இரவுகள் வரை போடுவதை இரண்டாகக் குறைக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானவை. இருபத்தெட்டு வயது உதவி ஓட்டுநருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஓட்டுநருக்கும் சேர்த்தே அதைக் கேட்டார்கள். மூன்றாவது, நான்காவது இரவில் அபாயம் எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு ஆய்விதழ்களில் வந்து அதற்குள் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.